பூட் ஆகும்போது இன்டெக்ரிட்டி வட்டு திறக்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் பகுதிகளில் சில சிறிய அலுவலகங்களுக்கும் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் லினக்ஸ் கோப்புச் சர்வர்களை அமைத்துப் பராமரித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் இரண்டு வட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாக ஒரு டிஎம்-இன்டெக்ரிட்டி அடுக்கு; ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையை எழுதி வைத்து, படிக்கும்போது ஒப்பிடும் கர்னல் வசதி அது. அந்த இரண்டையும் இணைத்து, ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் ஒரு ரெய்டு-1 மேலே. வட்டு ஓசையின்றி ஒரு பிட்டை மாற்றித் தந்தால், இரண்டு பிரதிகளில் எது சரி என்று வெறும் ரெய்டுக்குத் தெரியாது. இந்த அடுக்கு இருந்தால் கெட்ட பிரதி படிப்புப் பிழையாக வெளிப்படும். ரெய்டு மற்ற வட்டிலிருந்து சரியானதை எடுத்துத் திருப்பி எழுதிவிடும். தனி வட்டில் இதை வைத்தால் பிழையைக் கண்டுபிடிக்கும், சரிசெய்யாது.

இந்த அமைப்பில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரவில் மின்தடை ஏற்பட்ட மறுநாள் காலையில்தான் வருகின்றன. போய்ப் பார்த்தால் பத்தில் எட்டு முறை வட்டில் கோளாறு இருக்காது. அமைப்புக் கோப்பில் ஒரு வரிதான் தவறாக இருக்கும். மின்தடை அந்தத் தவறை உண்டாக்கியதல்ல. மாதக்கணக்கில் ரீபூட் ஆகாத சர்வரை அது ரீபூட் செய்ய வைத்தது, அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணங்களை முதலிலும், வட்டு மாற்ற வேண்டிய காரணங்களைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படியே எழுதியுள்ளேன்.

எதற்கும் முன்: ஃபார்மேட் கட்டளையைத் தொட வேண்டாம்

வட்டு திறக்கவில்லை என்றதும் "இன்டெக்ரிட்டிசெட்டப் ஃபார்மேட்" கொடுத்துப் பார்ப்பதுதான் நான் கண்ட இழப்புகளிலெல்லாம் பெரியது. அந்தக் கட்டளை தலைப்பை (அடுக்கின் அமைப்பு விவரங்கள் எழுதப்பட்ட தொடக்கப் பகுதியை) மட்டும் புதுப்பிப்பதில்லை. தனியாகத் தடுக்காவிட்டால், வட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பூச்சியத்தை எழுதிச் சரிபார்ப்புத் தொகைகளை நிரப்பும். தவறுதலாகக் கொடுத்துவிட்டால் உடனே கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். நின்ற இடத்துக்கு அப்பால் உள்ளவை இன்னும் வட்டில் இருக்கும். பிறகு இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகச் செல்லுங்கள்.

மாறாக, "இன்டெக்ரிட்டிசெட்டப் டம்ப்" தலைப்பைப் படித்துக் காட்டும், எதையும் எழுதாது. எந்த அறிகுறியானாலும் முதலில் அதைக் கொடுத்து, வரும் விடையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அறிகுறி 1: பூட் ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது

மேப்பர் சாதனத்துக்காக (இன்டெக்ரிட்டி அடுக்கு திறந்ததும் தோன்றும் வட்டுக்காக) காத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி ஓடும். 90 விநாடி கழித்து எமர்ஜென்சி மோடு வரும். ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்று, இந்த வட்டுக்கான சிஸ்டம்டி-இன்டெக்ரிட்டிசெட்டப் சேவையின் நிலையைப் பாருங்கள் (பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கும் நிரல்தான் சிஸ்டம்டி). உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பது வழக்கம் என்பதால் உள்ளே விடாமல் போகலாம். அப்போது லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த வட்டின் வரியில் "நோஃபெயில்" சேர்த்துவிட்டால் சர்வர் வட்டு இல்லாமலேயே எழுந்துவிடும், மற்றதை அமைதியாகப் பார்க்கலாம். தரவு வட்டுகளுக்கு "நோஃபெயில்" தொடக்கத்திலேயே போட்டு வைப்பது நல்லது.

அப்படியொரு சேவையே இல்லை என்று வந்தால்

இன்டெக்ரிட்டிடேப் கோப்பை யாரும் படிக்கவில்லை என்று பொருள். பூட் ஆகும்போது திறக்க வேண்டிய இன்டெக்ரிட்டி வட்டுகளின் பட்டியல் அது; ஒவ்வொரு வரியிலும் பெயர், வட்டு, சாவிக் கோப்பு, விருப்பங்கள் என நான்கு புலங்கள். இந்தக் கோப்பைப் படிக்கும் வசதி 2021 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 250 இல்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04 இல் இருப்பது 249; அங்கே கோப்பை எவ்வளவு சரியாக எழுதினாலும் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. வட்டைத் திறக்கும் கட்டளையை இயக்கும் சேவைக் கோப்பை நாமே எழுத வேண்டும், அல்லது 255 உள்ள 24.04 க்கு மாற வேண்டும். டெபியன் 13 இல் இந்த வசதி சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப் என்ற தனித் தொகுப்புக்குப் போய்விட்டது. மேம்படுத்திய பிறகு முதல் ரீபூட்டிலேயே வட்டு காணாமல் போனால் அந்தத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பதிப்பு சரியாக இருந்தும் சேவை தென்படாவிட்டால் பெயரைக் கவனியுங்கள். வட்டுக்கு வைத்த பெயரில் நடுக்கோடு இருந்தால், சேவையின் பெயரில் அது வேறு குறியீடாக மாறியிருக்கும். நாம் தேடும் பெயரில் கிடைக்காது. இதற்காகவே நான் பெயர்களில் நடுக்கோடு வைப்பதில்லை. கோப்பைத் திருத்திய பின் "சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்" கொடுக்காவிட்டாலும் பழைய நிலைதான் தெரியும்.

சேவை இருக்கிறது, ஆனால் வட்டுக்காகக் காத்திருக்கிறது என்றால்

இன்டெக்ரிட்டிடேப்பின் இரண்டாவது புலத்தில் எஸ்டிபி1 போன்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? யாரோ ஒரு யுஎஸ்பி வட்டைச் செருகிவிட்டுப் போயிருப்பார்கள், எஸ்டிபி எஸ்டிசி ஆகியிருக்கும். இன்டெக்ரிட்டி தலைப்பில் யுயுஐடி (தனி அடையாள எண்) என்று ஒன்று கிடையாது. ஆகையால் யுயுஐடியை எழுத முயல வேண்டாம். பார்ட்யுயுஐடியைத்தான் எழுத வேண்டும், அது பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கிறது. வட்டை மாற்றியிருந்தால் அதுவும் மாறியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். "பிஎல்கேஐடி" தரும் மதிப்பை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பட்டியலில் வட்டே இல்லை என்றால் கேபிளையும் மின் இணைப்பையும் பிடுங்கிச் செருகுங்கள். அப்போதும் பயாஸில் தென்படாத வட்டைக் கொண்டு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சேவை முயன்று தோற்றது என்றால்

"மாட்ப்ரோப்" கொண்டு டிஎம்-இன்டெக்ரிட்டி மாட்யூல் ஏறுகிறதா என்று பாருங்கள். இது கர்னல் 4.12 முதல் இருக்கிறது; ஆனால் கர்னலை மேம்படுத்திப் பழையதை நீக்கிவிட்டு ரீபூட் செய்யாத சர்வர்களில் மாட்யூல் அடைவே இல்லாமல் போயிருக்கும். ரெஸ்க்யூ யுஎஸ்பியில் பழைய கர்னல் இருந்து "அன்நோன் வெர்ஷன்" என்று வந்தால் வட்டில் குறையில்லை; புதிய கர்னலில் ஃபார்மேட் செய்த தலைப்பைப் பழைய கர்னலால் படிக்க முடியவில்லை.

இன்டெக்ரிட்டி சூப்பர்பிளாக் (தலைப்பு) காணப்படவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால் பதற வேண்டாம். சரிபார்ப்புத் தொகைகளைத் தனி வட்டில், எடுத்துக்காட்டாகச் சிறிய எஸ்எஸ்டியில், வைத்திருக்கிறீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் இரண்டாவது புலத்தில் வர வேண்டியது அந்த எஸ்எஸ்டி. தரவு இருக்கும் வட்டு "டேட்டா-டிவைஸ்" என்ற விருப்பத்தில் வர வேண்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் எழுதுகிறார்கள், நானும் முதன்முறை அப்படித்தான் எழுதினேன். ஃபார்மேட் கொடுக்கத் தூண்டும் இடமும் இதுதான்.

ரூட் கோப்பு முறைமையையே இந்த அடுக்கில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: தொடக்க ரேம் பிம்பத்துக்குள் மாட்யூலும் இன்டெக்ரிட்டிடேப் கோப்பும் இருந்தாக வேண்டும். அந்தப் பிம்பத்தை உருவாக்கும் டிராகட் கருவியில் அதற்கென ஒரு பகுதி உண்டு. சிறு அலுவலகத்துக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம், கல்யாணப் படங்களை மறுபடி எடுக்க முடியாது.

அறிகுறி 2: வட்டு திறக்கிறது, ஆனால் எதைப் படித்தாலும் பிழை

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "செக்சம் ஃபெயில்டு அட் செக்டார்" என்ற வரி நூற்றுக்கணக்கில் வரும். கோப்பு முறைமை மவுன்ட் ஆகாது. வட்டு முழுவதும் ஒரே நாளில் கெடுவது மிக அரிது. இவ்வளவு பிழை ஒரே நேரத்தில் வந்தால் முதல் சந்தேகம் அமைப்பின் மேல்தான் இருக்க வேண்டும்.

அல்காரிதம் பொருந்தவில்லை

எந்த அல்காரிதத்தில் ஃபார்மேட் செய்தோம் என்பது தலைப்பில் எழுதப்படுவதில்லை. தொகையின் நீளம் மட்டுமே அங்கே இருக்கிறது. இன்டெக்ரிட்டிடேப்பில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் சிஆர்சி32சி என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே டம்ப் தரும் நீளத்தைப் பாருங்கள். 4 பைட் என்றால் சிஆர்சி32 அல்லது சிஆர்சி32சி. 20 என்றால் ஷா1. 32 என்றால் ஷா256 அல்லது எச்மேக்-ஷா256 (ரகசியச் சாவி சேர்த்துக் கணக்கிடுவது). ஃபார்மேட் செய்யும்போது நீளத்தைத் தனியாக மாற்றியிராவிட்டால் இந்தக் கணக்கு பொய்க்காது. நான்காவது புலத்தில் "இன்டெக்ரிட்டி-அல்காரிதம்" என்பதற்கு எதிரே சரியான பெயரை எழுதி மறுபடி திறந்து பாருங்கள்.

சாவிக் கோப்பின் கடைசி பைட்

எச்மேக் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. சிவாஜிநகரில் ஒரு கணக்கர் அலுவலகம். கையால் கட்டளை கொடுத்தால் வட்டு திறந்து எல்லாக் கோப்பும் வருகிறது. ரீபூட் செய்தால் அதே வட்டு, அதே சாவிக் கோப்பு, ஆனால் செக்டாருக்குச் செக்டார் பிழை. "தம்பி, நேத்து நீங்க காட்டுனப்போ எல்லாம் நல்லாத்தானே வந்துச்சு" என்று அலுவலகத்துப் பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாதக் கடைசி, அவருக்கு மறுநாள் ஜிஎஸ்டி தாக்கல்.

விடியும் நேரத்தில் சாவிக் கோப்பின் அளவை "டபிள்யூசி" கொண்டு எண்ணிப் பார்த்தேன். 33 என்று வந்தது. 32 எழுத்துகளை டெக்ஸ்ட் எடிட்டரில் தட்டிச் சேமித்திருந்தேன். எடிட்டர் வரி முடிவுக்கு ஒரு பைட்டைத் தானாகச் சேர்த்திருந்தது. கையால் திறக்கும்போது சாவியின் நீளம் 32 என்று நானே சொல்வதால் முதல் 32 பைட்டுகள் மட்டும் படிக்கப்பட்டன. பூட் ஆகும்போது சிஸ்டம்டி கோப்பை முழுவதுமாகப் படிக்கிறது; 33 பைட் கொண்ட சாவி வேறொரு சாவி. அந்த ஒரு பைட்டை நீக்கியதும் வட்டு திறந்தது.

ஆகவே சாவியை எடிட்டரில் தட்டாமல், யுரேண்டமிலிருந்து "டிடி" கொண்டு சரியாக 32 பைட் எடுத்துக் கோப்பாக்குங்கள். கோப்பு ஈடிசி அடைவுக்குள், ரூட் மட்டும் படிக்கும் உரிமையுடன் இருக்கட்டும். தனியாக மவுன்ட் ஆகும் பார்ட்டிஷனில் வைத்தால் வட்டு திறக்கும் நேரத்தில் அது இல்லாமல் போகக்கூடும்.

தவறான சாவியோடு ரெய்டை ஓடவிட வேண்டாம்

ஒரு வட்டு சரியான சாவியுடனும் மற்றது தவறான சாவியுடனும் திறந்திருந்தால், ரெய்டு தவறான பக்கத்தில் பிழையைக் கண்டு, நல்ல பக்கத்திலிருந்து எடுத்து அங்கே எழுதும். அந்த எழுத்து தவறான சாவியின் தொகையோடு பதியும். பிறகு சாவியைத் திருத்தினால் அந்தச் செக்டார்கள் உண்மையாகவே பிழையாகிவிடும். இரு வட்டுகளின் அமைப்பும் சரியென்று உறுதியாகும் வரை ரெய்டை நிறுத்தி வையுங்கள்.

ஃபார்மேட்டின்போது துடைக்காமல் விட்டது

நேரத்தை மிச்சப்படுத்த "நோ-வைப்" கொடுத்து ஃபார்மேட் செய்திருந்தால், இதுவரை எழுதப்படாத செக்டார்கள் எல்லாம் பிழை காட்டும். பூட் ஆகும்போது இயங்குதளம் வட்டின் ஓரங்களைப் படித்துப் பார்ப்பதால் சில வரிகள் வந்து நின்றுவிடும். எழுதிய கோப்புகள் நலமாகவே இருக்கும். இருந்தாலும் உண்மையான பிழை வரும் நாளில் இந்த வரிகளுக்கு நடுவே அது கண்ணில் படாது; பல மணி நேரம் ஆனாலும் துடைத்தே ஃபார்மேட் செய்யுங்கள்.

அறிகுறி 3: அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செக்டார்களில் மட்டும் பிழை

இங்கேதான் அடுக்கு தன் வேலையைச் செய்கிறது. அந்த எண்களைக் குறித்துக்கொண்டு, பின்வரும் வரிசையில் பாருங்கள்.

அடியிலுள்ள பார்ட்டிஷனில் யாராவது நேரடியாக எழுதினார்களா? பார்ட்டிஷன் கருவி, வேறு இயங்குதளம், "சரிசெய்கிறேன்" என்று ஒருவர் இயக்கிய எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளை) ஆகியவை மேப்பரைத் தாண்டி எழுதினால் தொகை பொருந்தாது.

அடுத்து கேபிள். வட்டின் உடல்நிலையைக் காட்டும் "ஸ்மார்ட்சிடிஎல்" தரும் பட்டியலில் 199 ஆம் வரியைப் பாருங்கள். அது கேபிள் வழியே வந்த தரவில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. ஒருமுறை ஏறினால் இறங்காது, ஆகவே இன்றைய எண்ணையும் நாளைய எண்ணையும் ஒப்பிட வேண்டும். அல்சூரில் ஒரு ஸ்டூடியோவில் அந்த எண் ஒரே பிற்பகலில் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் சாட்டா கேபிள் மூடியில் இடித்துக் கூர்மையாக மடிந்திருந்தது. எஸ்.பி. ரோட்டில் புதுக் கேபிள் வாங்கி மாட்டியதும் எண் நின்றுவிட்டது. வட்டை மாற்றும் முன் கேபிளை மாற்றுவது எனக்கு அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

பிறகு ரேம். இரண்டு வட்டுகளிலும் வெவ்வேறு இடங்களில் பிழை வந்தால் வட்டுகளை விட்டுவிட்டு மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓடவிடுங்கள். தொகை கணக்கிடப்படுவதற்கு முன்பே ரேமில் கெட்டுவிட்ட தரவை இந்த அடுக்கால் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கடைசியாக வட்டு. ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டார்களை எண்ணும் 5, 197, 198 ஆகிய வரிகள் பூச்சியத்தைத் தாண்டி வாராவாரம் ஏறினால் வட்டை மாற்றுங்கள்.

ரெய்டு இருந்தால் "சின்க் ஆக்‌ஷன்" கோப்பில் "செக்" என்று எழுதி முழுச் சோதனையை ஓடவிடுங்கள். கெட்ட செக்டார்கள் மற்ற வட்டிலிருந்து நிரம்பும். தனி வட்டானால் எந்தக் கோப்பு கெட்டது என்று அறிய எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படிக்க வேண்டும். அதற்கு "டார்" கட்டளையை நேராக நல் சாதனத்துக்கு அனுப்ப வேண்டாம். வெளியீடு நல் என்று தெரிந்தால் டார் கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே முடித்துவிடும், எல்லாம் நலம் என்று நாம் ஏமாந்துபோவோம். "ஃபைண்ட்" கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5சம் எடுங்கள். பிழை தரும் கோப்பை மட்டும் பேக்கப்பிலிருந்து மீட்டால் போதும்.

பேக்கப் இல்லாத கோப்பானால் ரெக்கவரி மோடில் வட்டைத் திறக்கலாம். அதில் தொகை சரிபார்க்கப்படாது, ஜர்னலும் (உரிய இடத்தில் எழுதும் முன் தரவு முதலில் பதியும் பகுதி) பயன்படாது. படிக்க மட்டும் மவுன்ட் செய்து நகலெடுங்கள். ஒரு படத்தில் ஒரு பட்டை கெட்டிருந்தாலும் படம் கிடைக்குமல்லவா. மறுகணக்கிடும் விருப்பத்தை மட்டும் இந்த நேரத்தில் தொடாதீர்கள். கெட்ட தரவுக்கே புதிய தொகை எழுதி, அதைச் சரியானது என்று அது முத்திரை குத்திவிடும்.

அறிகுறி 4: ஒவ்வொரு முறை பூட் ஆன பின்னும் ரெய்டு ஒரு காலில் நிற்கிறது

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில், வட்டுக்கு ஒன்றாக இரண்டு "யு" இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரியும். ஒரு வட்டின் இன்டெக்ரிட்டி அடுக்கு தாமதமாகத் திறந்திருக்கும், அல்லது இன்டெக்ரிட்டிடேப்பில் இரண்டாவது வட்டுக்கு வரியே இருக்காது. ரெய்டை இயக்கும் எம்டிஅட்மின் மற்ற வட்டுக்காக 30 விநாடி பார்த்துவிட்டு, இருப்பதை வைத்துத் தொடங்கிவிடும். வரி இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டதைத் திறந்து, "ரீ-ஆட்" கொடுங்கள். ரெய்டில் பிட்மேப் (மாறிய பகுதிகளின் குறிப்பு) இருந்தால் சில நிமிடங்களில் சேர்ந்துவிடும். வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், மற்ற வட்டு போகும் நாளில் கையில் இருப்பது பழைய தரவுதான்.

அறிகுறி 5: எழுதும் வேகம் பாதியாகிவிட்டது

இது பிழையல்ல. ஜர்னல் முறையில் ஒவ்வொரு தரவும் முதலில் ஜர்னலிலும் பிறகு உரிய இடத்திலும் எழுதப்படுகிறது. சிஸ்டம்டி 254 முதல் இன்டெக்ரிட்டிடேப்பில் "மோட்" என்ற விருப்பத்தின் வழியே பிட்மேப் முறைக்கு மாறலாம்; கர்னல் 5.2 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். வேகம் கூடும், ஆனால் மின்தடைக்குப் பின் அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த பகுதிகளுக்குத் தொகை மறுபடி கணக்கிடப்படுவதால், அந்தப் பகுதிகளில் நேர்ந்த கேடு தெரியாமல் போகும். ஜர்னலும் பிட்மேப்பும் இல்லாத டைரக்ட் முறையில் மின்தடைக்குப் பின் நல்ல செக்டாரே பிழை காட்டக்கூடும். நல்ல யுபிஎஸ் இல்லாத இடத்தில் நான் ஜர்னலை மாற்றுவதில்லை.

புதிதாக அமைப்பவர்கள் செக்டார் அளவை 4096 என்று கொடுத்தே ஃபார்மேட் செய்யுங்கள். இயல்பான 512 இல் ஷா256 வைத்தால் தரவின் அளவில் 6.25 சதவீத இடம் தொகைகளுக்கே போகும். 4096 இல் அது 0.78 ஆகக் குறையும். பின்னால் மாற்ற முடியாது.

எப்போது தரவு மீட்பு நிபுணரிடம் செல்ல வேண்டும்

வட்டிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. இரு வட்டுகளிலும் ஒரே செக்டார் கெட்டு, பேக்கப்பும் இல்லாவிட்டால், தலைப்பு அழிந்துவிட்டால், ஃபார்மேட் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தால், நம் முயற்சி அங்கே முடிகிறது. வட்டு ஓசையின்றி ஓடுகிறது என்றால் மட்டும் "டிடிரெஸ்க்யூ" கொண்டு முழுப் பிம்பம் எடுத்து, அந்தப் பிம்பத்தைக் கொடுங்கள்.

நிபுணரிடம் வட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் உடைந்த கோப்புகளே திரும்பும். இயல்பான அமைப்பில் தரவும் தொகைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 16 எம்பி தரவுக்கு ஒருமுறை தொகைகளின் பகுதி குறுக்கிடும். அதை அறியாத மீட்புக் கருவி ஒரு பெரிய வீடியோவை இணைக்கும்போது நடுவே குப்பையையும் சேர்த்துவிடும். ஆகவே டிஎம்-இன்டெக்ரிட்டி என்ற பெயரையும், டம்ப் தந்த விடையையும், அல்காரிதத்தையும், சாவிக் கோப்பின் நகலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நான் பராமரிக்கும் ஒவ்வொரு சர்வரிலும், பெட்டியின் உட்பக்க மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஃபார்மேட் செய்த நாள், அல்காரிதம், செக்டார் அளவு, இரண்டு பார்ட்யுயுஐடிகள், எந்தப் பதிப்பு சிஸ்டம்டி என்பவை அதில் இருக்கும். சாவி அதில் இருக்காது. அது அலுவலக உரிமையாளரின் பீரோவில் ஒரு பென்டிரைவில், ஒவ்வொரு பார்ட்டிஷனின் முதல் 4 கேபி நகலோடு இருக்கிறது.